சிங்கிள் மால்ட்டில் நான் தொலைத்த 365 பவுண்டு

கிளாஸ்கோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மிளகாய்த்தூள் டப்பாக்களுக்கு மேல்தட்டில், ஒரு காலத்தில் ஐந்து பாட்டில்கள் நின்றன. ஐந்தும் ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கி. ஐந்திலும் மேலிருந்து இரண்டு விரற்கடைதான் குறைந்திருக்கும். வாங்கி, திறந்து, ஒருமுறை குடித்து, முகம் சுளித்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தவை. மொத்தம் 365 பவுண்டு. நாளுக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னது என் மனைவி. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ முப்பத்தாறாயிரம் ரூபாய். யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. கேட்க வெட்கம்.

2021 அக்டோபரில் வேலைக்காக இங்கே வந்தேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஊரில் நண்பர்கள் கல்யாணம், விசேஷம் என்றால் சோடா கலந்து இரண்டு பெக், அவ்வளவுதான் என் அனுபவம். அங்கே விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாக வைத்துச் செய்வது. அதை யாரும் ருசி பார்த்துக் குடிப்பதில்லை, ருசியெல்லாம் சைட் டிஷ்ஷில்தான். ஸ்காட்லாந்துக்கே வந்துவிட்டோம், இனி நல்ல சரக்கு குடிக்கக் கற்றுக்கொள்வோம் என்று எனக்கு ஒரு ஆசை. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு. ஒரே டிஸ்டிலரியில் (விஸ்கி வடிக்கும் ஆலை), முளைகட்டிய பார்லியை மட்டும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, செம்புக் கொப்பரையில் வடித்து, ஸ்காட்லாந்துக்குள்ளேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் கிடந்தது என்று பொருள். நூறு பீப்பாய்களைக் கலந்திருந்தாலும் அவை ஒரே டிஸ்டிலரியுடையவை என்றால் அது சிங்கிள் மால்ட்தான்.

முதல் பாட்டில் வாங்கிய கடையில் இருந்த பையன், “ஸ்மோக்கி பிடிக்குமா?” என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்றால் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவானோ என்று பெரிதாகத் தலையாட்டினேன். ஐலா தீவுச் சரக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். 58 பவுண்டு. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் என் மனைவி அடுத்த அறையிலிருந்து “யாருக்கு என்ன காயம்?” என்றாள். பொய் சொல்லவில்லை. சின்ன வயதில் முழங்கால் சிராய்த்தால் கம்பவுண்டர் தடவுவாரே டிஞ்சர், அதே வாசனை. வாயில் வைத்தால் கருவாடு, அதற்குப் பின்னால் கரியான கயிறு. பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றே நம்பினேன். பில்லைத் தேடி எடுத்துவைத்து, திருப்பிக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கெட்டுப்போகவில்லை, அது அப்படித்தான் இருக்கும். சதுப்பு நிலத்தில் புல்லும் பாசியும் ஆயிரக்கணக்கான வருஷம் மக்கிக் கட்டியான மண்ணுக்கு இங்கே பீட் என்று பெயர். வெட்டிக் காயவைத்தால் வறட்டி மாதிரி எரியும். முளைகட்டிய ஈர பார்லியை அந்தப் புகையில் உலர்த்தினால் பீனால், கிரெசால் போன்றவை தானியத்தில் ஏறிக்கொள்ளும். மருந்து வாசனைக்கு அவைதான் காரணம். இதைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று அளப்பார்கள். ஐலாவின் லாஃப்ராய்க் டிஸ்டிலரிக்கு 40 முதல் 45 வரை, ஆர்ட்பெக் டிஸ்டிலரிக்கு 50 முதல் 55 வரை என்று சொல்வதெல்லாம் இந்த அளவுதான். ஆனால் இது தானியத்தில் இருக்கும் அளவு, பாட்டிலில் இருப்பது அல்ல. வடிக்கும்போதும் பீப்பாயில் கிடக்கும்போதும் நிறையக் குறைந்துவிடும். அதனால் எண்ணை வைத்து ஒப்பிட்டு வாங்குவது வீண். எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்: புகைச் சரக்கை ஒரு மிடறாவது எங்காவது குடித்துப் பார்க்காமல் முழு பாட்டிலாக வாங்கக் கூடாது. அது பிடித்தவர்கள் அதற்காக உயிரையே விடுவார்கள், பிடிக்காதவர்களுக்குத் தட்டில் தூசிதான்.

சரி, மலிவாக வாங்கியதுதான் தப்பு என்று முடிவு கட்டினேன். 58 பவுண்டு மலிவாம்! கிறிஸ்துமஸுக்கு முன்னால் 18 வருஷச் சரக்கு ஒன்றை 118 பவுண்டுக்கு வாங்கினேன். அரிசியும் புளியும் பழசாக ஆக மேல் என்று வளர்ந்தவன் இல்லையா. குடித்தால், அடுப்பில் மறந்து விட்ட டீயும் கடுக்காயும் சேர்ந்தது மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. பீப்பாய்க்குள் வருஷா வருஷம் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது, மிச்சம் இருப்பதில் மரத்தின் துவர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. சில சரக்குக்கு அது அழகு, சிலதற்குச் சுமை. லேபிளில் போடும் வயது, அதில் கலந்திருப்பவற்றில் இளையதன் வயது. விலை ஏறுவது காத்திருந்த காலத்துக்கும் ஆவியாகிப் போனதற்கும் சேர்த்துத்தான், உங்கள் நாக்குக்குப் பிடிக்கும் என்ற உத்தரவாதத்துக்கு அல்ல. இப்போது நான் விரும்பிக் குடிப்பவை எல்லாம் 10, 12, 14 வருஷத்துக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது பாட்டிலை நிறம் பார்த்து வாங்கினேன், 74 பவுண்டு. கறுத்த தேன் நிறத்தில் அலமாரியில் மின்னியது. கறுப்பாக இருந்தால் நிறைய நாள் பீப்பாயில் ஊறியிருக்கும் என்று நானே ஒரு சித்தாந்தம் வைத்திருந்தேன். ஸ்காட்ச்சில் தண்ணீர் தவிர வேறு ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஆனால் நிறத்துக்காகக் காய்ச்சிய சர்க்கரைக் கரைசல் சேர்க்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. இ150ஏ என்று அதற்கு எண். ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் வண்ணம் சேர்த்திருந்தால் எழுதியே ஆக வேண்டும், இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. என் பாட்டிலின் நிறம் பீப்பாயில் வந்ததா, கலந்து வந்ததா என்று இன்றுவரை தெரியாது. உள்ளே இருந்ததோ உரசிய தீக்குச்சி வாசனை. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்களில் பூஞ்சணம் வராமல் கந்தகம் கொளுத்துவார்களாம், அதன் மிச்சம் சில சமயம் விஸ்கிக்குள் வந்துவிடும். சிலருக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

நாலாவது, பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே நிரப்பியது, சாராயம் 59 சதவீதத்துக்கு மேல், 66 பவுண்டு. சிங்கிள் மால்ட்டில் தண்ணீர் ஊற்றுவது கேவலம் என்று எங்கேயோ கேட்டிருந்ததால் வீராப்பாக ராவாக அடித்தேன். நாக்கு மரத்து, மறுநாள் காலை தோசையில் உப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆனால் இந்தத் தொழிலிலேயே பீப்பாய்களை மோந்து தரம் பிரிப்பவர்கள் சாராயம் 20 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்க்கிறார்கள்! ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று விட்டுக்கொண்டே போனால் ஓர் இடத்தில் வாசனை பூ மாதிரி விரியும். அது ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வோர் இடம். ஐந்தாவதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அழகான பெட்டி, வாயில் நுழையாத கேலிக் மொழிப் பெயர், 49 பவுண்டு. பெட்டியில் இப்போது என் மகளின் கலர் பென்சில்கள் இருக்கின்றன.

மனைவி தடை போட்டாள். தட்டில் இருப்பது தீராமல் புதிது வரக் கூடாது. அந்தத் தடைதான் என்னைக் காப்பாற்றியது. பாட்டில் வாங்க வழியில்லாததால் 2022 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பப்புக்குப் போய் உட்கார்ந்தேன். சுவர் முழுக்க விஸ்கி வைத்திருக்கும் பப் கிளாஸ்கோவில் நாலைந்தாவது உண்டு. இங்கே விஸ்கியை 25 மில்லி அல்லது 35 மில்லி அளவில் ஊற்றுவார்கள், எது என்று அறிவிப்பும் இருக்கும். 40 சதவீதச் சரக்கில் 25 மில்லி சரியாக ஒரு யூனிட், அதாவது 10 மில்லி சுத்தச் சாராயம். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இங்கே மருத்துவர்கள் சொல்லும் வரம்பு, அதனால் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவும் வசதி. சாதாரண 12 வருஷச் சரக்கு ஒரு கிளாஸ் நாலரை பவுண்டு வந்தது. 70 சென்டிலிட்டர் பாட்டிலில் அப்படி 28 கிளாஸ் இருக்கிறது என்று பார்த்தால் பப்பில் குடிப்பது கொள்ளை விலைதான். ஆனால் என் 365 பவுண்டுக்கு எண்பது வகை ருசி பார்த்திருக்கலாம். பிடிக்காத ஒன்றுக்கு நஷ்டம் நாலரை பவுண்டோடு முடிந்துபோகும். இந்தக் கணக்கு எனக்கு ஐந்து பாட்டிலுக்குப் பிறகுதான் உறைத்தது.

வாரம் இரண்டு கிளாஸ், கையில் ஒரு சின்ன நோட்டு. முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன். லேபிளில் இருப்பதைப் பார்த்துக் காப்பியடிப்பதுதான்: ஹெதர் பூ, கூஸ்பெரி, கிறிஸ்துமஸ் கேக். ஹெதர் பூவை நான் மோந்ததே இல்லை. கூஸ்பெரி என்றால் எனக்கு அரை நெல்லிக்காய்தான் நினைவுக்கு வரும், அது வேறு பழம். மற்றவர்களின் பாட்டி வீட்டு வாசனைகளை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கிளைன்லீஷ் 14 வருஷம் ஒரு கிளாஸ் வாங்கினேன். வாயில் வைத்ததும் உதடு வழுவழுவென்று ஆனது. யோசிக்காமல் தமிழில் எழுதினேன்: “செக்கு நல்லெண்ணெய். மெழுகுவர்த்தி. சாத்துக்குடித் தோல்.” எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஏன் பிடித்தது என்றும் தெரிந்தது. அந்த டிஸ்டிலரி மெழுகுத் தன்மைக்குப் பேர்போனது என்று பிறகு தெரிந்துகொண்டேன். வடித்தது வந்து சேரும் தொட்டியில் படியும் எண்ணெய்ப் பிசுக்குதான் அதற்குக் காரணமாம், ஒருமுறை தொட்டியைச் சுத்தமாகக் கழுவியபோது மெழுகே காணாமல் போய்விட்டதாம். தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்க்காதே என்று அம்மா கத்துவது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எல்லாக் குறிப்பும் தமிழில்தான். ஆறு மாதத்தில் என் நாக்கைப் பற்றி எனக்குத் தெரியவந்ததை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்கும் ஓரளவு பொருந்தலாம். பேரீச்சம்பழம், கருப்பட்டி, உலர்திராட்சை போட்ட பாயசம் பிடிக்கும் என்றால் ஷெர்ரி பீப்பாயில் ஊறியவற்றைக் கேளுங்கள், கிளென்ட்ரோனக் 12, கிளென்ஃபார்க்லஸ் மாதிரி. பன்னீர், தேன், எலுமிச்சைத் தோல், வெனிலா ஐஸ்கிரீம் கட்சி என்றால் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் பெரும்பாலும் ஊறியவை, கிளென்லிவெட் 12 அல்லது கிளென்மொராஞ்சி. போர்பனைப் புது ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை அவர்களால் மறுபடி போர்பனுக்கு வைத்துக்கொள்ள முடியாது, அது கப்பலேறி இங்கே வருகிறது. ருசியின் பெரும்பகுதி அந்த மரத்திலிருந்துதான் வருகிறது என்பதால் கடையில் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி “எந்தப் பீப்பாய்?” என்பதுதான். சுட்ட கத்திரிக்காய், சாம்பிராணி, மிளகு பிடிக்கும் என்றால் புகையை மெல்ல ஆரம்பிக்கலாம், ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 நல்ல வாசல். அதில் மிளகு காரம் நிஜமாகவே கடைசியில் வந்து நிற்கும்.

ஊர் பெயரை வைத்து ருசியை முடிவு செய்வதை நான் நம்புவதில்லை. சட்டப்படி ஐந்து பகுதிகள்: ஹைலாண்ட், லோலாண்ட், ஸ்பேசைட், ஐலா, கேம்ப்பல்டவுன். ஐலா என்றாலே புகை என்பார்கள், ஆனால் அதே தீவின் புன்னஹாவன் 12 வருஷத்தில் புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கிளாஸ்கோவிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரத்தில் கிளென்கோய்ன் இருக்கிறது. அங்கே பீட் பயன்படுத்துவதே இல்லை, சூடான காற்றில்தான் பார்லியை உலர்த்துகிறார்கள். சாலைக்கு ஒரு பக்கம் வடிக்கும் இடம், அது ஹைலாண்ட். சாலையைத் தாண்டினால் பீப்பாய்க் கிடங்கு, அது லோலாண்ட். வேடிக்கையாக இருந்தது. டிஸ்டிலரிக்குக் காரில் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: ஸ்காட்லாந்தில் 2014 முதல் குடித்துவிட்டு ஓட்டும் வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம். ஓட்டுகிறவர் பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு, கேட்க வெட்கப்படாதீர்கள். வெட்கத்துக்குத்தான் நான் 365 பவுண்டு கட்டினேன்.

இன்னும் சில சில்லறைத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒயின் மாதிரி படுக்கவைக்க வேண்டும் என்று நினைத்து ஒரு பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் நாலு மாதம் கிடத்தினேன். இத்தனை காட்டமான சாராயம் கார்க்கை அரித்துவிடும். திறந்தபோது அது பாதி உடைந்து உள்ளே விழுந்தது, டீ வடிகட்டியில் வடித்துத்தான் குடிக்க முடிந்தது. நிற்கவைத்தே வையுங்கள், வெயில் படாமல். சாப்பிட்ட பிறகு குடித்துப் பார்ப்பதும் என் வீட்டில் நடக்காத காரியம். ரசத்துக்குப் பிறகு எந்த 12 வருஷமும் வெந்நீர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெறும் வயிறாக இல்லாமல் இரண்டு பிஸ்கட்டோடு, அதுதான் எனக்குச் சரியான நேரம். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு, தீர்ப்பை மூன்றாவது மிடறில் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று பார்க்கிறீர்கள் என்றால் புகைச் சரக்கைக் கடைசியில் வையுங்கள், அது முன்னால் வந்தால் மற்றது எதுவும் தெரியாது. தட்டையான டம்ளரைவிட வாய் குறுகிய கிளாஸில் வாசனை நிற்கும். 5 சென்டிலிட்டர் குட்டிப் பாட்டில்கள் நிறையக் கடைகளில் கிடைக்கும், நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டிலைப் பங்கு போட்டுக்கொள்வது அதைவிட மலிவு. 46 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பெரும்பாலும் குளிரவைத்து வடிகட்ட மாட்டார்கள். அந்த வடிகட்டலில் கொழுப்புச் சத்து கொஞ்சம் போய்விடுகிறது. நல்லெண்ணெய் வழுவழுப்பு வேண்டும் என்கிற என்னைப் போன்றவர்கள் அந்த எண்ணைத் தேடலாம்.

தட்டிலிருந்த ஐந்தில் பீப்பாய்க் காட்டத்தைத் தண்ணீர் சேர்த்துச் சேர்த்து நானே ரசித்துத் தீர்த்தேன். 18 வருஷத்தை அலுவலக நண்பரின் பிறந்தநாளுக்குக் கொண்டுபோனேன், அவர் கண்கலங்காத குறை. தீக்குச்சியும் பெட்டிக்காரரும் எப்படியோ விருந்தாளிகளிடம் கரைந்தார்கள். டிஞ்சர் மட்டும் அசையவில்லை. 2023 ஜூனில் என் மாமனார் வந்தார். தூத்துக்குடிக்காரர். சின்ன வயதில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கருவாட்டுக் கிட்டங்கி. மாமனாரோடு உட்கார்ந்து குடிப்பதா என்று எனக்கு ஒரே தயக்கம். அவர் என்னைக் கேட்கவே இல்லை. மிளகாய்த்தூள் எடுக்கப் போனவர் மேல்தட்டிலிருந்து அந்தப் பாட்டிலை இறக்கி, மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஒரு இழுப்பு மோந்தார்.

“ஏன் மாப்ள, இதையா இங்க ஒளிச்சு வச்சிருக்கிய?”

“மாமா, அது நல்லா இருக்காது. மருந்து வாடை அடிக்கும்.”

“மருந்தா? இது கடக்கரை வாசம்லா!”

தினம் சாயங்காலம் ஒரு சின்ன கிளாஸ், இரண்டு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் வறுத்த கடலை. நானும் கூட உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். ஒன்றரை வருஷத்துக்கு மேல் திறந்து கிடந்ததில் டிஞ்சர் காட்டம் கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆனாலும் என் சரக்கு அது இல்லை. மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பாட்டில் காலியானது. மாமா அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். மணி ஒன்பது நாற்பது. ஸ்காட்லாந்தில் இரவு பத்து மணிக்கு மேல் கடையில் சரக்கு விற்கக் கூடாது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். அதே கடை, அதே பையன். எதுவும் கேட்க விடாமல் நானே நேராக அந்த அலமாரிக்குப் போய் எடுத்தேன்.